குண்டுவீச்சுக்கு 'முன்னெச்சரிக்கை' என்று பெயர் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் 13 விடியற்காலையில் இஸ்ரேல் விமானங்கள் ஈரான் மீது குண்டு போட்ட நாளிலிருந்து உங்கள் நாளிதழில் ஒரு சொல் குடியேறிவிட்டது. 'முன்னெச்சரிக்கைத் தாக்குதல்'. ஒன்பது நாள் கழித்து அமெரிக்கா ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய மூன்று இடங்களிலும் இருந்த அணு நிலையங்களைத் தாக்கியபோதும் அதே சொல்தான், சில பக்கங்களில் இன்னும் ஒரு படி மேலே போய் 'தற்காப்புத் தாக்குதல்' என்றே போட்டிருந்தீர்கள், மேற்கோள் குறிகூட இல்லாமல். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். கோர்ட் விடுமுறையில் இப்போதுதான் உட்கார முடிந்தது.

முன்னெச்சரிக்கை என்றால் நமக்கு என்ன? துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது, ஏரிக்கரையில் மணல் மூட்டை அடுக்குவது, தாழ்வான இடத்தில் இருப்பவர்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தங்க வைப்பது. அந்தச் சொல்லைக் கேட்டதுமே 'பொறுப்பான காரியம்' என்று மனசு தலையாட்டிவிடும். அதையே தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு நகரத்தின் மேல் விழும் குண்டுக்குப் பெயராக வைத்தால், நடந்தது சரியா தப்பா என்று வாசகர் யோசிக்கும் முன்பே தலைப்பு தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறது.

நான் ஒரு சின்ன ஊரில் முப்பது வருடத்துக்கும் மேலாக கிரிமினல் வழக்கு நடத்துகிறவன். சர்வதேசச் சட்டம் என் பிழைப்பு இல்லை, ஆனால் தற்காப்பு என்ற வாதம் என் பிழைப்புதான். ஜூனியராக இருந்தபோது சீனியருடன் ஒரு செஷன்ஸ் வழக்கில் நின்றேன். வரப்புத் தகராறு, இரண்டு பங்காளிகள். எதிராளி பட்டறையில் புது அரிவாள் அடிக்கக் கொடுத்திருக்கிறான் என்று எங்கள் கட்சிக்காரர் டீக்கடையில் கேள்விப்பட்டார். ஏற்கெனவே இரண்டு முறை 'உன்னை விடமாட்டேன்' என்று ஊர் கேட்கச் சொன்னவன் வேறு. அன்று ராத்திரியே போய், களத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவனை இவர் வெட்டிவிட்டார். ஆள் பிழைத்துக்கொண்டான், வலது கையில் மூன்று விரல் போனது. எங்கள் கட்சிக்காரர் பொய்யர் இல்லை. உண்மையிலேயே பயந்துபோயிருந்தார், பேசும்போது கை நடுங்கும். சீனியர் தற்காப்பு உரிமை என்று அரை மணி நேரம் வாதாடினார். நீதிபதி எங்கள் கட்சிக்காரரைப் பார்த்து இரண்டே கேள்வி கேட்டார். "நீ போனபோது அவன் கையில் அரிவாள் இருந்ததா?" இல்லைங்க ஐயா. "உன் வீட்டிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?" ஒரு கிலோமீட்டர் இருக்குங்க. அதோடு எங்கள் வாதம் விழுந்துவிட்டது.

நம் சட்டம் பயந்தவனுக்கு எதிரானது இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை, இதைத்தான் பேசுகின்றன. முதல் வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நியாயமான அச்சம் வந்தாலே போதும். ஆனால் காவல் துறையிடம் போக நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல் ஒரு அடி கூட அடிக்கக் கூடாது. பின்னாளில் ஆர்வத்தில் சர்வதேசச் சட்டத்தைப் புரட்டியபோது அங்கேயும் அந்த நீதிபதியின் இரண்டு கேள்விகள்தான் இருந்தன.

1837 டிசம்பர் 29 இரவு. கனடா அப்போது பிரிட்டனிடம் இருந்தது, அங்கே கலகம். கலகக்காரர்களுக்கு நயாகரா ஆற்றில் அமெரிக்கக் கரையிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு போன கரோலைன் என்ற நீராவிப் படகை, பிரிட்டிஷ் தரப்பு ஆட்கள் ஆற்றைக் கடந்து வந்து, அமெரிக்கக் கரையில் கட்டியிருந்தபோதே பிடித்து, தீ வைத்து, அருவிப் பக்கம் அடித்துக்கொண்டு போக விட்டார்கள். ஒரு அமெரிக்கர் செத்தார். தற்காப்புக்காகச் செய்தோம் என்றது பிரிட்டன். 1841-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் எழுதிய பதில்தான் இன்றுவரை அளவுகோல். ஆபத்து உடனடியாக இருக்க வேண்டும், மலைபோல வந்து நிற்க வேண்டும், வேறு வழி தேர்ந்தெடுக்க இடமில்லாமல், யோசிக்க ஒரு கணமும் இல்லாமல் இருக்க வேண்டும், இதை நீங்கள் நிரூபியுங்கள் என்று கேட்டார். அடுத்த வருடம் பிரிட்டன் சார்பில் வந்த ஆஷ்பர்ட்டன் பிரபு, தாங்கள் செய்தது அந்த அளவுக்குள் அடங்கும் என்று வாதாடினாரே தவிர அளவுகோலைத் தவறு என்று சொல்லவில்லை.

1945-ல் ஐ.நா. சாசனம் வந்ததும் கயிறு இன்னும் இறுகியது. பிரிவு 2, உட்பிரிவு 4: இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்துவேன் என்று மிரட்டவும் கூடாது. விதிவிலக்கு இரண்டுதான். பாதுகாப்புக் கவுன்சில் அனுமதித்தால் ஒன்று, 51-ஆவது பிரிவுப்படி 'ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால்' தற்காப்பு இன்னொன்று. நிகழ்ந்தால் என்றால் நிகழ்ந்த பிறகுதான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை, அரிவாள் ஓங்கியவன் வெட்டும்வரை நிற்கச் சொல்லவில்லை, உடனடியாக விழப்போகும் அடியையும் தடுக்கலாம் என்று இன்னொரு சாரார். நான் இரண்டாவது கட்சி. ஆனால் இந்த இரண்டு கட்சியுமே ஒத்துக்கொள்ளாத மூன்றாவது ஒன்று இருக்கிறது: 'அவன் பிற்காலத்தில் பலசாலி ஆகிவிடுவான், அப்போது நம்மை அடிப்பான், அதனால் இப்போதே அடிப்போம்' என்பது. ஆங்கிலத்தில் உடனடியாக விழப்போகும் அடியைத் தடுப்பதற்கு 'ப்ரீஎம்ப்டிவ்', இந்த மூன்றாவதற்கு 'ப்ரிவென்டிவ்' என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. நம் பத்திரிகைகள் இரண்டையும் 'முன்னெச்சரிக்கை' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகின்றன. என் புகார் முழுக்க இதுதான்.

சரி, யார் முடிவு செய்வது? அடித்தவனே 'எனக்கு ஆபத்து' என்று சொன்னால் போதுமா? 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் புகுந்ததற்கு போர் முடிந்து நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் இதே வாதம் வந்தது. பிரிட்டன் அங்கே இறங்கத் திட்டமிட்டிருந்தது, நாங்கள் முந்திக்கொண்டோம் என்றார்கள். பிரிட்டனிடமும் பிரான்சிடமும் நார்வே பற்றித் திட்டங்கள் இருந்தது உண்மைதான். ஆனாலும் நீதிமன்றம் கரோலைன் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்து, ஜெர்மனி போனது உடனடி ஆபத்தைத் தடுக்க இல்லை, கடற்படைத் தளங்களைப் பிடிக்க என்று அவர்களுடைய ஆவணங்களிலிருந்தே காட்டியது. இன்னொன்றும் சொன்னது, அதை ஒவ்வொரு செய்தி ஆசிரியரின் மேஜையிலும் எழுதி ஒட்டலாம்: தற்காப்பு என்று ஒரு நாடு சொல்வது உண்மையில் தற்காப்பா ஆக்கிரமிப்பா என்பது கடைசியில் விசாரணைக்கும் தீர்ப்புக்கும் உட்பட்டது, அந்த நாடே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்ள முடியாது.

1981 ஜூன் 7. பாக்தாத் அருகே பிரான்ஸ் உதவியோடு ஈராக் கட்டிக்கொண்டிருந்த ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் விமானங்கள் உடைத்தன. உலை இன்னும் இயங்கவே ஆரம்பிக்கவில்லை. ஈராக் வீரர்களோடு ஒரு பிரெஞ்சுப் பொறியாளரும் இறந்தார். இஸ்ரேல் பிரதமர் பெகின் தற்காப்பு என்றார். பன்னிரண்டு நாளில் பாதுகாப்புக் கவுன்சில் 487-ஆவது தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றி, இது சாசனத்தை அப்பட்டமாக மீறிய செயல் என்று வன்மையாகக் கண்டித்தது. அமெரிக்காவும் கை தூக்கியது. பிரிட்டன் பிரதமர் தாட்சர் தங்கள் நாடாளுமன்றத்திலேயே இது சர்வதேசச் சட்டத்தை மோசமாக மீறியது என்றார். பெகினும் தாட்சரும் அமெரிக்க அதிபர் ரீகனும் ஒருவருக்கொருவர் பகைவர்கள் இல்லை. அப்படியிருந்தும் அன்றைக்கு சட்டம் எது என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. அதன்பிறகு ஈராக் அணு வேலையை விட்டுவிட்டதா என்றால் அதுவும் இல்லை, ரகசியமாக்கி இன்னும் பெரிதாக நடத்தியது 1991 போருக்குப் பிறகு போன ஆய்வாளர்கள் மூலம்தான் உலகத்துக்கே தெரிந்தது.

குழப்பத்தை வேண்டுமென்றே உண்டாக்கியது 2002-ல். செப்டம்பரில் அமெரிக்க அதிபர் புஷ்ஷின் அரசு வெளியிட்ட தேசியப் பாதுகாப்பு உத்தி, 'உடனடி ஆபத்து' என்ற கருத்தை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. பயங்கரவாதிகள் கையில் பேரழிவு ஆயுதம் போகலாம், எப்போது, எங்கே என்று தெரியாவிட்டாலும் முந்தி அடிக்கலாம் என்று. அதாவது நீதிபதியின் முதல் கேள்வியையே கேட்கக் கூடாது என்றார்கள்.

2003-ல் ஈராக் போருக்கு முந்தைய அந்த சில வாரங்களை நான் மறக்கவே மாட்டேன், தினமும் உங்கள் நாளிதழை வரி விடாமல் படித்தேன். பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பாதுகாப்புக் கவுன்சிலில் உட்கார்ந்து, ஈராக்கிடம் ஆந்த்ராக்ஸ் கிருமி ஆயுதம் இருக்கிறது என்று சொல்ல, வெள்ளைப் பொடி போட்ட ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். இன்னொரு பக்கம் ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் ஈராக்குக்குள்ளேயே இருந்தார்கள், நூற்றுக்கணக்கான இடங்களில் தேடிக்கொண்டிருந்தார்கள், இன்னும் சில மாதம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மார்ச் 7 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய், நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்கப் பார்த்ததாகச் சொல்லும் கடிதங்கள் போலி என்று பகிரங்கமாகச் சொன்னார். போலீஸ் ஸ்டேஷன் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் கூட இல்லை, போலீஸ்காரர் வீட்டுக்குள்ளேயே நின்று அரிவாளைத் தேடிக்கொண்டிருந்தார். அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு மார்ச் 20 அன்று குண்டு போட ஆரம்பித்தார்கள்.

அதே மார்ச் 7 அன்றுதான் லண்டனில் அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரதமர் பிளேருக்கு ஒரு ரகசியக் குறிப்பு கொடுத்தார். உடனடித் தாக்குதலுக்கு அளவோடு பதில் தருவதைத் தாண்டி, வருங்கால ஆபத்தைத் தடுக்க முந்தி அடிக்கும் உரிமை என்று அமெரிக்கா பேசுகிறதே, அப்படி ஒரு கோட்பாடு சர்வதேசச் சட்டத்தில் இருப்பதாகவோ ஏற்கப்பட்டதாகவோ நான் கருதவில்லை என்று அதில் எழுதியிருந்தார். போருக்குப் போகும் அரசின் வக்கீலே எழுதியது இது. அதனால்தான் பிரிட்டன் கடைசியில் தற்காப்பு என்று வாதாடவே இல்லை, பழைய ஐ.நா. தீர்மானங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று சுற்றிவளைத்தது. பத்து நாள் கழித்து நாடாளுமன்றத்துக்கு வந்த பதிலில் அந்தக் குறிப்பில் இருந்த சந்தேகங்கள் ஒன்றும் இல்லை, சட்டப்படி சரி என்ற ஒரே குரல்தான். வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், இது ஆக்கிரமிப்புக் குற்றத்துக்குச் சமம் என்று எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டார். சட்டம் படித்த எனக்கு இந்த முழுக் கதையிலும் அந்த அம்மாவின் மீதுதான் பெரிய மரியாதை.

அப்புறம் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். தேடிய ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று அமெரிக்காவே அமைத்த ஆய்வுக் குழு 2004-ல் சொன்னது. அதே வருடம் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் அந்தப் போர் சட்டவிரோதமானது என்று பேட்டியில் சொன்னார். 2016-ல் வந்த பிரிட்டனின் சில்காட் விசாரணை அறிக்கை, அமைதி வழிகள் தீர்ந்துபோகும் முன்பே போருக்குப் போனார்கள் என்றது. இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் செத்துப்போனார்கள்.

'அணுகுண்டு யுகத்தில் அரிவாள் கதை பொருந்துமா? முதல் அடியிலேயே ஊரே போய்விடுமே' என்று கேட்பவர்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இஸ்ரேல் சின்ன நாடு, அதை அழிப்போம் என்று பேசியவர்கள் ஈரான் ஆட்சியில் இருக்கிறார்கள், 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் அவர்களிடம் இருந்ததாக அணுசக்தி முகமையே சொன்னது. அந்தப் பயம் உண்மையானது. ஆனால் யுரேனியம் வைத்திருப்பது வேறு, குண்டு செய்வது வேறு, அதை ஏவுகணையில் ஏற்றித் திரி கொளுத்துவது வேறு. ஈரான் அணு ஆயுதம் தயாரிக்கவில்லை என்பதே தங்கள் மதிப்பீடு என்று அமெரிக்க உளவுத் துறைத் தலைவர் 2025 மார்ச் மாதம்தான் அவர்கள் நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். 2004-ல் அன்னான் அமைத்த உயர்மட்டக் குழு இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. ஆபத்து உடனடியானது இல்லை, ஆனால் ஆதாரம் பலமாக இருக்கிறது என்றால் பாதுகாப்புக் கவுன்சிலுக்குக் கொண்டுபோங்கள் என்றது. ஒருவருக்கு இந்த அனுமதியைக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுத்ததாகிவிடும் என்றும் சொன்னது. அப்படியே நடந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனுக்குள் படை அனுப்பியபோது புதின் வாயில் வந்தது 51-ஆவது பிரிவு. மே 9 வெற்றி நாள் உரையில், ஆக்கிரமிப்புக்கு முந்திக்கொண்டு பதிலடி கொடுத்தோம் என்றார்.

கவுன்சிலில் வல்லரசு ஒன்று நினைத்தால் எதையும் தடுத்துவிடும் வீட்டோ இருக்கிறதே, அங்கே போய் என்ன கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. ஸ்டேஷனில் நியாயம் கிடைக்காது சார் என்று என்னிடம் வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார்கள், பல நேரம் அது உண்மையும்கூட. அதற்காக வீட்டுக்கு வீடு அரிவாள் எடுக்கலாம் என்று நான் யாருக்கும் சொல்லியதில்லை.

உங்கள் தலையங்கப் பக்கத்தில் ஒரு கட்டுரையாளர் 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை' குறளைச் சொல்லி இஸ்ரேலை ஆதரித்திருந்தார். அந்தக் குறள் இருக்கும் அதிகாரத்தின் பெயர் குற்றங்கடிதல். வருமுன் காக்கச் சொல்வது எதிரியிடமிருந்து இல்லை, தன்னிடம் குற்றம் வரும் முன் காக்கச் சொல்கிறது, பரிமேலழகரும் அப்படித்தான் உரை எழுதியிருக்கிறார். அடுத்த குறளே தன் குற்றத்தை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு பிறர் குற்றம் பார் என்று அரசனுக்குச் சொல்வது. 1981 தீர்மானத்திலும் ஈராக் உலையை உடைத்த இஸ்ரேல் தன் அணு நிலையங்களைச் சர்வதேச ஆய்வுக்குத் திறக்க வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கிறது, இன்றுவரை நடக்கவில்லை. சொல்லப்போனால் கட்டுரையாளர் எடுத்திருக்க வேண்டியது 'இளைதாக முள்மரம் கொல்க' குறளை. அதுதான் பகையை முளையிலேயே வெட்டச் சொல்வது. ஆனால் அது மன்னன் மன்னன் மீது படையெடுப்பதற்குத் தடையே இல்லாத காலத்து அறிவுரை. இரண்டு உலகப் போரில் கோடிக்கணக்கானவர்களைப் பறிகொடுத்த பிறகு நாடுகள் எல்லாம் கையெழுத்துப் போட்டு அந்த உரிமையை விட்டுக்கொடுத்தன.

நம் நாட்டுக்கும் இதே அளவுகோல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரி 14 புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் இறந்தார்கள், நம் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டத்து வீரர்கள் இருவரும் அதில் உண்டு. பன்னிரண்டு நாள் கழித்து நம் விமானங்கள் பாகிஸ்தானின் பாலாகோட்டில் தாக்கியபோது நம் வெளியுறவுச் செயலர் அதை 'ராணுவ இலக்கு அல்லாத முன்கூட்டிய நடவடிக்கை' என்றார், இன்னொரு தற்கொலைத் தாக்குதல் உடனடியாக நடக்கவிருந்தது என்று காரணமும் சொன்னார். 'உடனடி' என்று சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே சட்டம் எங்கே நிற்கிறது என்பது தெரிகிறது. அந்த ஆதாரத்தை யாரும் கேட்டால் தேசத்துரோகம் என்று அன்றைக்குக் கத்தினார்கள். நான் அப்போதும் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஐயா, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எங்கள் கோர்ட் செய்தியை நீங்கள் போடும்போது ஒருவரைக் கொலைகாரர் என்று எழுத மாட்டீர்கள், தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றுதான் எழுதுவீர்கள். அதே கவனத்தை இங்கேயும் காட்டுங்கள். 'தற்காப்பு என்று இஸ்ரேல் கூறுகிறது' என்று போடுங்கள், தலைப்பில் இடம் போதாதென்றால் 'முந்திக்கொண்டு தாக்குதல்' என்று போடுங்கள், யார் முதலில் அடித்தார்கள் என்பதை மட்டும் அது சொல்லும். அப்படியே ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்பதையும் செய்தியில் சேருங்கள். அமெரிக்காவும் ஈரானும் ஆறாவது சுற்றுப் பேச்சுவார்த்தைக்கு ஓமன் நாட்டு மஸ்கட்டில் உட்காருவதாக இருந்த தேதி ஜூன் 15. குண்டு விழுந்தது ஜூன் 13. அந்தப் பேச்சுவார்த்தைச் செய்தி உங்கள் நாளிதழில் எட்டாம் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் வந்திருந்தது, நான் தேடித்தான் படித்தேன். அடுத்த முறை அதை முதல் பக்கத்தில், தாக்குதல் செய்திக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
உங்கள் நீண்டகால வாசகர்